ஒரு சுவர், ஓர் அறை, கொஞ்சம் பொறுமை

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் விழிஞ்ஞம் என்றதும் இன்று பெரிய சரக்குத் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. அதே ஊரின் மீன்பிடித் துறைமுகத்தில், அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, 1991-ஆம் ஆண்டிலேயே கடலலையிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அதை வடிவமைத்தவர்கள் சென்னை ஐஐடி பொறியாளர்கள். பணம் கொடுத்தது மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை. திறன் 150 கிலோவாட். அப்போது உலகில் இத்தகைய நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அது இயங்கிய விதத்தைச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும். கடலுக்குள் காங்கிரீட்டால் ஒரு பெரிய அறை. அதன் கீழ்ப்பகுதி கடலை நோக்கித் திறந்திருக்கும். அலை உள்ளே புகுந்தால் நீர் ஏறி, மேலே இருக்கும் காற்றை நெருக்கி வெளியே தள்ளும். அலை பின்வாங்கினால் நீர் இறங்கும். வெளிக்காற்று அதே வழியே உள்ளே பாயும். அந்த வழியில் ஒரு சுழலி. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது ஒரே திசையில் சுற்றும். பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் 1970-களில் கண்டுபிடித்த சுழலி அது. கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. உப்பு இரும்பை என்ன பாடு படுத்தும் என்று கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சிக்கல்களும் இருந்தன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை பொங்கும். மற்ற மாதங்களில் அடங்கிவிடும். நொடிக்கு நொடி மின்சாரம் ஏறி இறங்கும். பின்னாளில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அந்த மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கிப் பார்த்தது. நல்ல முயற்சி. ஆனால் 2011-இல் நிலையம் மூடப்பட்டது.

அதே 2011-இல், ஸ்பெயினின் வடகரையில் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த முத்ரிக்கு என்ற சிறிய மீன்பிடித் துறைமுகத்தில் இதே வகை நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட அரசு முடிவு செய்திருந்தது. எப்படியும் கட்டப்போகிற சுவர்தானே, அதற்குள்ளேயே காற்றறைகளையும் வைத்துவிடலாம் என்று பாஸ்க் அரசின் எரிசக்தி அமைப்பு முன்வந்தது. 16 சுழலிகள், மொத்தம் 296 கிலோவாட். கட்டும்போதே புயல்கள் அடித்துச் சேதம் செய்தன, சரிசெய்து தொடர்ந்தார்கள்.

296 கிலோவாட் ஒரு பெரிய காற்றாலைக்குப் பக்கத்தில்கூட வராது. யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்டால் இரண்டு நிலையங்களும் தோற்றவைதான். ஒரு புதுத் தொழில்நுட்பத்தின் தொடக்க நிலையங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து. முத்ரிக்கு நிலையத்தை அவர்கள் ஒரு சோதனைக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 2017-இல் புதுவகைச் சுழலி ஒன்றை அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே திறந்த கடலில் ஒரு மிதவையில் பொருத்தினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் இருந்தால்தானே இது முடியும்?

ஸ்காட்லாந்திலும் ஒரு பாடம் உண்டு. அங்கே பெலாமிஸ் என்ற நிறுவனம் 2004-இல் கடலில் மிதக்கும் அலை இயந்திரத்திலிருந்து மின்கட்டமைப்புக்கு மின்சாரம் அனுப்பியது. 2014-இல் நொடித்துப்போனது. ஸ்காட்லாந்து அரசு அலை ஆற்றலுக்கென்றே ஒரு பொது அமைப்பை உருவாக்கி, அந்நிறுவனத்தின் வடிவமைப்பு உரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டது. பல ஆண்டுப் பட்டறிவு யாருக்கும் பயன்படாமல் அலமாரியில் முடங்கக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. பிறகு பல குழுக்களுக்குப் படிப்படியாகப் பணம் கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் தேறினால்தான் அடுத்த கட்டத்துக்கு நிதி.

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்த பிறகு இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேற்குக் கரையில் மேகம் மூடிச் சூரியத் தகடுகள் சோரும் மாதங்களில்தான் அலை வலுக்கிறது. காற்றாலைகளும் அப்போதுதான் நன்றாகச் சுழல்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் லட்சத்தீவைப் பாருங்கள். கப்பலில் டீசல் கொண்டுபோய் அங்கே மின்சாரம் தயாரிக்கிறோம். முதல் பயன் அத்தகைய இடங்களுக்கே கிடைக்கும்.

கடல் ஆற்றலை மத்திய அரசு 2019-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக அறிவித்தது. 2022-இல் சென்னை ஐஐடி குழு தூத்துக்குடிக்கு அப்பால் 6 கிலோமீட்டர் தொலைவில் ‘சிந்துஜா’ என்ற மிதவையை இறக்கிச் சோதித்தது. கிடைத்தது 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் நிலையம் கட்டிய அதே கல்விக்கூடம் 30 ஆண்டு கழித்து 100 வாட்டில் தொடங்குகிறது என்றால், அது பொறியாளர்களின் குறை ஆகாது. இடையில் தொடர்ச்சி அறுந்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று துறைமுகங்கள் இருக்கின்றன. அலைத்தடுப்புச் சுவர்களுக்கு அரசு செலவழிக்கத்தான் செய்கிறது. மீனவர்களின் பாதுகாப்புக்கு இடையூறு இல்லாமல், அடுத்த சுவரில் ஒரே ஒரு காற்றறை சேர்க்க முடியுமா என்று ஆராய வேண்டும். திட்ட அறிக்கை எழுதும்போதே மீனவர் சங்கங்களையும் கடல் பொறியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து இதைக் கேட்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வணக்கம்.