கூரைத் தகடும் மூன்று நிரல்களும்

வணக்கம் நேயர்களே. இலங்கையில் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அரசியல்வாதி இல்லை, திருகோணமலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அதனால் ஒழுகுகிற கூரையில் இருந்து தொடங்குகிறேன்.

மார்கழி மழையில் எங்கள் பாடசாலையின் ஏழாம் வகுப்புக்குள் இரண்டு வாளி வைத்துத்தான் பாடம் நடக்கும். நிரம்பியதை வெளியே ஊற்றிவரப் பொடியன்கள் போட்டி போடுவார்கள். பாடத்தில் இருந்து தப்புகிற வழி அது. எங்களுடையது மாகாணப் பாடசாலை. அதிபரின் கடிதம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து மாகாணத்துக்குப் போகும். அடுத்த தெருவில் இருந்தது தேசியப் பாடசாலை. அது கொழும்பில் உள்ள அமைச்சுக்குக் கீழே. இரண்டிலும் பிள்ளைகள் படித்தது ஒரே புத்தகம், எழுதியது ஒரே பரீட்சை.

இந்தப் பிரிப்பு, 1987 இல் அரசியலமைப்புக்கு வந்த 13 ஆவது திருத்தத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று நிரல்கள், அதாவது அதிகாரப் பட்டியல்கள். முதலாவது மாகாணத்துக்கு; பாதுகாப்பு, வெளிநாட்டு அலுவல், துறைமுகம் போன்றவை மத்திக்கென்று ஒதுக்கியது இரண்டாவது; மூன்றாவது இருவருக்கும் பொது. சரி, பாகம் பிரித்தாயிற்று என்று நினைப்போம். ஆனால் ஒதுக்கிய நிரலின் முதல் விடயமே, எல்லாத் துறைகளுக்குமான தேசியக் கொள்கை. பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கதை.

காணியும் அப்படித்தான். மாகாண நிரலில் காணி இருக்கிறது. அந்த நிரலின் பின்னிணைப்பைப் புரட்டினால், அரச காணி குடியரசுக்கே உரியது என்கிறது. கொள்கை வகுக்க வேண்டிய தேசியக் காணி ஆணைக்குழுவோ அமைக்கப்படவே இல்லை. காணி அலுவலாக நாம் போய் நிற்கும் பிரதேச செயலகமும் மத்தியின் கீழ்தான்.

வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைந்திருந்தபோது தலைநகர் நம் ஊர். 2006 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அது முடிந்தது. கிழக்குக்குத் தனியாக 2008 இலும் 2012 இலும் தேர்தல் நடந்தது. 2017 செப்டம்பரில் மாகாண சபையின் காலம் முடிந்தது. அப்புறம் தேர்தலே இல்லை. ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். கூரை ஒழுகுகிறது என்று சபையில் எழுந்து கேட்க, நாம் வாக்குப் போட்ட ஒருவரும் அங்கே இல்லை.

போன மழைக்கு அந்தப் பக்கம் போனேன். ஏழாம் வகுப்புக்குப் புதுத் தகடு போட்டிருந்தது. மாகாணமா மத்தியா என்று கேட்டேன். பழைய மாணவர்கள் காசு சேர்த்துப் போட்டார்களாம். வாளி இரண்டும் பூக்கன்றுகளின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன.