எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். வரலாறு, சமயம், பண்பாடு, சமூகம் ஆகிய துறைகளில் புதிதாக வரும் ஆய்வு நூல்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்புகளை வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் நேரம் போய்விடும், உங்களுக்கும் எதுவும் நினைவில் நிற்காது. அதனால், அப்படி ஒரு நூல் கைக்கு வந்தால் அதை எப்படி எடைபோடுவது என்று பேசலாம் என நினைக்கிறேன்.

இந்தத் துறைகளில் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னதுமே எழும் முதல் கேள்வி, "எழுதினவர் எந்தப் பக்கம்?" என்பதுதான். சமய வரலாறு என்றால் கேட்கவே வேண்டாம். ஆசிரியரின் பெயர், அவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம், நன்றியுரையில் யார் யாரைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவதாகக் கேளுங்கள் என்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, "இவருக்கு இது எப்படித் தெரியும்?"

இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் மிகப் பழையது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், போப் சில்வெஸ்டருக்கு ரோம் நகரையும் பேரரசின் மேற்குப் பகுதிகளையும் எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. கான்ஸ்டன்டைன் வாழ்ந்தது 4ஆம் நூற்றாண்டில். இடைக்காலம் முழுவதும் போப்புகளின் அரசியல் உரிமைக்கு இந்த ஆவணம் ஒரு முக்கியமான ஆதாரம். 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதைப் போலி என்று காட்டினார். எப்படிக் காட்டினார் என்பதுதான் சுவாரசியம். ஆவணம் கான்ஸ்டான்டினோபிளை ஒரு பெரிய திருச்சபைத் தலைமையிடமாகச் சொல்கிறது. அதை எழுதியதாகச் சொல்லும் காலத்தில் அந்தப் பெயரில் நகரமே இல்லையே என்று கேட்டார். பேரரசரின் அவையில் 'சத்ரப்'கள் இருந்ததாக எழுதியிருக்கிறதே, பாரசீகத்து ஆளுநர்களுக்கு ரோமில் என்ன வேலை என்று கேட்டார். அதன் லத்தீன் நடை 4ஆம் நூற்றாண்டு அரசவையில் புழங்கக்கூடிய நடையே இல்லை என்றார். இவ்வளவு பெரிய நிலம் கைமாறியிருந்தால், அந்தக் காலத்து நாணயத்திலோ வரலாற்றிலோ ஒரு தடயம்கூடவா இருக்காது என்றும் கேட்டார்.

சரி, வல்லா எந்தப் பக்கம்? அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தவர் அரகான் மன்னர் அல்போன்சோ. நேப்பிள்ஸ் அரசுரிமைக்காக அப்போது போப் நான்காம் யூஜினோடு மோதிக்கொண்டிருந்தவர். போப்பின் உரிமைப் பத்திரம் போலி என்று நிரூபிக்க இதைவிடத் தோதான சமயம் வேறென்ன? "எந்தப் பக்கம்" என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தால், கூலிக்கு எழுதியது என்று சொல்லி அந்த நூலை மூடி வைத்திருக்கலாம். ஆனால் அவருடைய வாதம் அவருடைய நோக்கத்தை நம்பி நிற்கவில்லை. யார் எடுத்துச் சரிபார்த்தாலும் அந்த நகரம் அப்போது இல்லைதான். வல்லாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1433இல், பின்னாளில் கர்தினால் ஆன கூசாவின் நிக்கோலஸும் அந்த ஆவணத்தைச் சந்தேகித்து எழுதியிருந்தார். அவர் திருச்சபைக்கு உள்ளே இருந்தவர். வேறு வேறு இடத்தில் நின்ற இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்: 1448இல் அதே வல்லாவுக்கு வத்திக்கானில் எழுத்தர் பதவி கிடைத்தது. கொடுத்தவர் அடுத்து வந்த போப், ஐந்தாம் நிக்கோலஸ். அந்த மனிதருக்குப் புத்தகங்கள் மீது பெரும் காதல்.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் நம் காலத்திலேயே நடந்தது. 2012 செப்டம்பரில், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான காப்டிக் பற்றி ரோமில் நடந்த ஆய்வு மாநாட்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் விசிட்டிங் கார்டு அளவிலான ஒரு பாப்பிரஸ் துண்டை, அதாவது பழங்கால நாணல் தாள் துண்டை, அறிமுகப்படுத்தினார். அதில் இயேசு "என் மனைவி" என்று சொல்வதுபோல ஒரு வரி. உலகம் முழுவதும் செய்தியானது. அந்தப் பேராசிரியர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல பெயர் பெற்ற அறிஞர், தன் சந்தேகங்களையும் சேர்த்தே சொன்னார். பாப்பிரஸைச் சோதித்துப் பார்த்தார்கள், உண்மையிலேயே பழையதுதான். மையிலும் சந்தேகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மற்ற அறிஞர்கள் வரிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவை பைபிளில் சேராத, ஆனால் ஏற்கெனவே தெரிந்த தோமா நற்செய்தி என்ற நூலின் காப்டிக் பிரதியிலிருந்து வெட்டி ஒட்டினதுபோல இருந்தன. இணையத்தில் கிடைத்த ஒரு பதிப்பில் இருந்த அச்சுப்பிழைகூட அப்படியே வந்திருந்தது. அந்தப் பாப்பிரஸைப் பேராசிரியரிடம் கொடுத்த அதே உரிமையாளரிடமிருந்து வந்த இன்னொரு துண்டு, 1924இல் அச்சான ஒரு நூலிலிருந்து வரி முறியும் இடம்கூட மாறாமல் நகலெடுக்கப்பட்டதாகத் தெரிந்தது. கடைசியில், 2016இல், ஒரு பத்திரிகையாளர் அந்தத் துண்டு யார் கையிலிருந்து வந்தது என்று தேடிப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேராசிரியரே, இது போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொண்டார்.

நல்ல நோக்கம், நல்ல பல்கலைக்கழகம், ஆய்வகச் சோதனை, எல்லாம் இருந்தும் "இது எங்கிருந்து வந்தது" என்ற ஒரு கேள்விக்குச் சரியான பதில் இல்லை. பழம்பொருளைப் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பதிலைத்தான்.

புதிய ஆய்வு நூல் என்றவுடன் புதிதாக ஏதோ கண்டெடுத்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சான்று நூறு வருடமாகக் கிடங்கில் கிடந்திருக்கும். கேள்விதான் புதிதாக இருக்கும். கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே 1880களில் தோண்டியெடுத்த கல்லறைகள் இருக்கின்றன. கீழைக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்கில் கல்வெட்டு உள்ள கிறிஸ்தவக் கல்லறைகள். தேதி தெரிந்த 467 கற்களில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்ததாகவே எழுதியிருக்கிறது. ஒரு வரலாற்றாசிரியர் இந்த எண்ணிக்கையைக் கவனித்து, மரபணு ஆய்வாளர்களோடு சேர்ந்து, அங்கே புதைந்திருந்தவர்களின் பற்களைச் சோதிக்க வைத்தார். ஏழு பேரில் மூன்று பேரிடம் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்தது. முடிவு 2022இல் வெளியானது. ஐரோப்பாவை அழித்த பெரும் பிளேக் எங்கே தொடங்கியது என்ற பழைய சண்டையில் இது பெரிய திருப்பம். எலும்பும் கல்வெட்டும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

இந்த வகை நூல்கள் எவ்வளவு மெதுவாக உருவாகின்றன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெய்ரோவின் பழைய நகரமான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. இறைவனின் பெயர் இருக்கக்கூடிய தாளை அழிக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் வேண்டாத தாள்களை எல்லாம் ஓர் அறைக்குள் போட்டுவைத்தார்கள். திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், வியாபாரிகளின் கடிதம், பள்ளிப் பிள்ளை எழுதிப் பழகிய தாள் என்று எல்லாம் உள்ளே போனது. 1896, 97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள்.

முதலில் எல்லாரும் தேடியது சமய நூல்களை. எஸ்.டி. கோய்டைன் என்பவர்தான் வியாபாரிகளின் கடிதங்களில் உட்கார்ந்தார். இந்தியாவோடு நடந்த வணிகம் பற்றிய கடிதங்களைத் தொகுக்க வேண்டும் என்று தொடங்கியவர், இந்த மனிதர்களின் சமூகம் முழுவதையும் புரிந்துகொள்ளாமல் அதைச் செய்ய முடியாது என்று கண்டு, இந்திய வேலையை ஒதுக்கிவைத்தார். அந்தச் சமூகத்தைப் பற்றிய அவருடைய நூல் 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. ஐந்தாம் தொகுதி வரும்போது அவர் உயிரோடு இல்லை, 1985இலேயே காலமாகிவிட்டார். தேடிப் படிப்பதற்கான அடைவு மட்டும் தனித் தொகுதியாக 1993இல் வந்தது. ஒதுக்கிவைத்த இந்திய நூலை மோர்டெகை ஃப்ரீட்மன் என்ற அறிஞர் முடித்து 2008இல் வெளியிட்டார். 12ஆம் நூற்றாண்டில் துனிசியாவிலிருந்து வந்து மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி, வெண்கலப் பட்டறை வைத்து நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் கடிதங்கள் அதில் இருக்கின்றன. ஆஷு என்ற அடிமைப் பெண்ணை 1132இல் அவர் விடுதலை செய்த பத்திரமும்தான்.

இப்போது நீங்கள் ஒரு புதிய நூலைக் கையில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னட்டையைப் படிக்காதீர்கள், அதில் இருப்பது நண்பர்களின் பாராட்டு. நான் பின்னாலிருந்துதான் தொடங்குவேன். நூற்பட்டியலில் மூல ஆவணங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாரா? எந்தக் காப்பகம், எந்தச் சுவடி? ஒரு சமூகத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, அந்தச் சமூகத்தார் தங்கள் மொழியில் எழுதிய ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை என்றால், நான் உஷாராகிவிடுவேன். அடுத்து, நமக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஓர் இயலைத் திறந்து, இரண்டு மூன்று அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்கே போய்ப் பார்க்கலாம். இப்போது எவ்வளவோ சுவடிகளும் பழைய நூல்களும் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. சொன்னது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பேராசிரியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கணினியே எழுதித் தரும் இந்தக் காலத்தில், இல்லாத நூலுக்கும் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு முளைத்துவிடுகிறது. அதனால் இந்த வேலை முன்பைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பல்கலைக்கழகப் பதிப்பகம் என்றால் கையெழுத்துப் பிரதியைத் துறை அறிந்த இருவராவது, பெரும்பாலும் பெயர் தெரிவிக்காமல், படித்துக் கருத்துச் சொல்லியிருப்பார்கள். அது ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். அவர்கள் ஒவ்வொரு மேற்கோளையும் சரிபார்ப்பதில்லை. முன்னுரையில் கோட்பாட்டு மேதைகளின் பெயர்கள் அணிவகுத்து வரும் பகுதி இருக்கிறதே, அது பல நூல்களில் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மிச்சம். தாண்டிப் போனால் ஒன்றும் குறையாது. விலைதான் பெரிய தொல்லை. இந்த நூல்கள் நூலகங்களை நம்பியே விலை வைக்கப்படுகின்றன. ஆனால் திறந்த அணுக்கம் என்ற முறையில் பல பதிப்பகங்கள் சில ஆய்வு நூல்களை இணையத்தில் முழுமையாக, இலவசமாகவே தருகின்றன. வாங்கும் முன் அங்கே தேடிப் பாருங்கள்.

கடைசியாக, சான்று பேசாமல் நின்றுவிடும் இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது. பிரான்சின் அர்தீகா என்ற ஊரிலிருந்து மார்ட்டின் கேர் என்பவர் 1548இல் காணாமல் போனார். 1556இல் அவர் திரும்பி வந்தார், அல்லது அப்படித்தான் ஊர் நம்பியது. வந்தவர் அர்னோ து தில் என்ற வேறு ஆள். மார்ட்டினின் மனைவி பெர்த்ராந்தோடு மூன்று ஆண்டுக்கும் மேல் குடும்பம் நடத்தினார். வந்தவர் போலி என்று வழக்கு வந்தது. 1560இல் துலூஸ் நீதிமன்றம் அர்னோவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லவிருந்த வேளையில், உண்மையான மார்ட்டின் மரக்காலோடு உள்ளே வந்து நின்றார். அர்னோவைத் தூக்கிலிட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான கோராஸ் அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக எழுதினார்.

நானூறு ஆண்டுகள் கழித்து நடாலி டேவிஸ் என்ற வரலாற்றாசிரியர் கேட்டது, அந்த மனைவிக்கு உண்மையிலேயே தெரியாதா என்று. 1983இல் வந்த தன் நூலில், அவளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தேதான் அந்த வாழ்க்கையை அமைத்துக்கொண்டாள் என்று வாதிட்டார். தான் சொல்வதில் ஒரு பகுதி கற்பனை என்பதையும், கடந்த காலத்தின் குரல்கள் அந்தக் கற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன என்பதையும் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். 1988இல் ராபர்ட் ஃபின்லே என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்க வரலாற்று இதழில் அதைக் கடுமையாக மறுத்தார். கோராஸின் நூல் அவளை ஏமாற்றப்பட்டவளாகத்தான் காட்டுகிறது, டேவிஸ் சொல்லும் பெர்த்ராந்த் சான்றில் இல்லை என்றார். டேவிஸின் பதிலும் அதே இதழில் வெளியானது. ஒரு படுக்கையைப் பகிர்ந்துகொண்டவளுக்கு மூன்று ஆண்டாகத் தெரியாமல் இருக்குமா, கிராமத்துப் பெண்கள் தங்கள் கௌரவத்தை எப்படிக் காத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பகுதியின் மற்ற ஆவணங்களைக் கொண்டு விளக்கினார்.

என்னைக் கேட்டால், கோராஸின் வரிகளை மட்டும் வைத்துப் பார்க்கும்போது ஃபின்லே பக்கம்தான் எடை கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தக் கேள்வியை டேவிஸ் கேட்டிருக்காவிட்டால், நீதிபதி எழுதியதை ஒரு நீதிபதி எழுதியதாக நாம் படித்தே இருக்க மாட்டோம். டேவிஸின் நூல் சின்னது, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். அதை முடித்த கையோடு அந்த இரண்டு கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். "இருக்கலாம்", "நினைத்திருப்பாள்" என்று வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனால், எது கோராஸ், எது டேவிஸ் என்று பிரிந்து தெரியும்.

நன்றி, வணக்கம்.