மிட்டாயைக் கொடுங்க, விக்காதீங்க

(பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்துப் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல பேசினது, பேசின மாதிரியே)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நடவு நேரத்துல இத்தனை பேர் வந்ததே பெரிய விஷயம், பாதிப் பேர் வயல்லேருந்து கால கழுவிட்டு நேரா வந்துருக்கீங்கன்னு பாத்தாலே தெரியுது, அதனால ரொம்ப இழுக்க மாட்டேன். எச்.எம். அம்மா போன வாரம் போன் பண்ணி, சார், ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு மிட்டாய் சாக்லேட் இருக்கலாமா கூடாதான்னு பெத்தவங்க ரெண்டு கட்சியா நிக்கிறாங்க, நீங்க வந்து பேசுங்கன்னாங்க. பஞ்சாயத்துக்கு ஆளை தப்பா புடிச்சுட்டாங்க. எனக்கு பதினாலு வருஷமா சுகர். ஆனா முப்பத்திரெண்டு வருஷம் வாத்தியாரா இருந்தவன், மிட்டாயை வாயில போட்ட புள்ள மூஞ்சி எப்படி இருக்கும்னு பாத்து பாத்து பழகினவன். ரெண்டு கட்சியிலயும் எனக்கு ஒரு கால் இருக்கு.

முதல்ல என் கதை ஒண்ணு சொல்லிடறேன், இதுல தப்பு பண்ணது நான்தான்.

பன்னெண்டு பதிமூணு வருஷத்துக்கு முந்தி நான் வேலை பாத்த பள்ளிக்கூடத்துல நேர்மைக் கடைன்னு ஒண்ணு ஆரம்பிச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கடையில ஆள் இருக்க மாட்டாங்க, ஒரு மேசை, மேல பென்சில், ரப்பர், ஸ்கேல், பக்கத்துல ஒரு உண்டியல் டப்பா, வேணுங்கறதை எடுத்துக்கிட்டு காசைப் போட்டுட்டுப் போகணும். ஒரு மாசம் ஓடிச்சு, பெருசா வியாபாரம் இல்ல. புள்ளைங்க எத்தனை பென்சில்தான் வாங்கும். சரி கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டுமேன்னு ஒரு பாட்டில் கடலை மிட்டாய் வாங்கி வச்சேன், ஒண்ணு ஒரு ரூபா. அவ்ளோதான், மறுநாள்லேருந்து பென்சிலை எவனும் சீண்டல, காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பாட்டில் பாதி காலி. எனக்கு ஒரே பெருமை, வர்ற லாபத்துல லைப்ரரிக்கு புத்தகம் வாங்கலாம்னு கணக்கு வேற போட்டேன்.

ரெண்டாவது வாரம் கணக்குல உதைச்சுது. நாப்பது மிட்டாய் போயிருக்கு, டப்பாவுல முப்பத்தொரு ரூபாதான் இருக்கு. டப்பாவைக் கவுத்தா காசோட ஒரு துண்டுப் பேப்பரும் விழுது, நோட்டு ஓரத்துல கிழிச்சது. அதுல பென்சில்ல, "சார் நாளைக்கு தறேன்"னு எழுதியிருக்கு. தர்றேன்ல 'ர்' இல்ல. கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும், நாலாங் கிளாஸ் பையன். மறுநாளும் அதே மாதிரி ஒரு பேப்பர், அதுக்கு மறுநாள் ரெண்டு.

அவனைத் தனியா கூப்பிட்டு, ஏண்டா தம்பி, கடலை மிட்டாய் அவ்ளோ புடிக்குமான்னு கேட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னான், அம்மா ஆறு மணிக்கே களை எடுக்கப் போயிடும் சார், பழைய சோறு இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல, இத தின்னுட்டு தண்ணி குடிச்சா சாப்பாட்டு மணி வரைக்கும் தாங்கும்.

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. நான் மிட்டாய் வித்துக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன், பசியை வித்துக்கிட்டு இருந்துருக்கேன். அந்தப் பாட்டிலை அன்னிக்கே எடுத்துட்டேன், ஆனா எடுத்ததால அவன் வயிறு நிறையலையே, அதுக்கு நான் ஒண்ணும் பெருசா பண்ணிடலங்கறதையும் சொல்லிடணும். ரெண்டு நாள் வீட்டுலேருந்து இட்லி கொண்டுபோனேன், மூணாவது நாள் அவனே வேணாம்னுட்டான், கூட இருக்கற பசங்க பாக்குறாங்கன்னு.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னா, இன்னிக்கு நிலைமை அது இல்ல. மதிய சாப்பாடு நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, காமராஜர் காலத்துல 1956ல ஆரம்பிச்சு, 1982ல எம்.ஜி.ஆர் சத்துணவா பெருசாக்கி, அப்புறம் கலைஞர் காலத்துல முட்டை வந்து, இப்படி ஒவ்வொருத்தரும் ஒரு கை போட்டு வளர்த்தது. ஆனா காலை வயிறு காலியாத்தான் இருந்துச்சு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்குனாங்களே, அந்த விழா எங்க நடந்துச்சு? நம்ம டெல்டாவுலதான், திருக்குவளையில, கலைஞர் படிச்ச பள்ளிக்கூடத்துல. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சூடா ஏதோ ஒண்ணு உள்ள போனதுக்கு அப்புறம் புள்ள மிட்டாய் கேட்டா அது ஆசை. அதுக்கு முன்னாடி கேட்டா அது வேற. இந்த வித்தியாசம் தெரியாம நாம மிட்டாய் நல்லதா கெட்டதான்னு பேசறதுல அர்த்தமே இல்ல.

சரி, வயிறு நிறைஞ்ச புள்ளைக்கு ஸ்கூல்ல மிட்டாய் விக்கலாமான்னு கேப்பீங்க. நான் வேணாங்கறேன். கொடுக்கலாம், விக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

நேத்து பஸ் ஸ்டாண்டுல பத்து ரூபா மாம்பழ ஜூஸ் பாட்டில் ஒண்ணு வாங்கினேன், குடிக்க இல்ல, படிக்க. கண்ணாடி போட்டுக்கிட்டு பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் பாத்தேன், நூறு மில்லிக்கு சர்க்கரை 14 கிராம் கிட்ட. பாட்டில் 150 மில்லி. அப்ப 21 கிராம், அதாவது டீ ஸ்பூன்ல அஞ்சு ஸ்பூன். நம்ம வீட்டுல ஒரு டம்ளர் தண்ணியில அஞ்சு ஸ்பூன் சீனி போட்டு புள்ளைக்குக் கொடுப்பீங்களா, போங்க. உலக சுகாதார நிறுவனம் 2015ல என்ன சொல்லுச்சுன்னா, ஒரு நாள் சாப்பாட்டுல கிடைக்கற மொத்த சக்தியில இப்படி சேர்த்த சர்க்கரை பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும், அதுலயும் பாதியா குறைச்சா இன்னும் நல்லது. ஏழு வயசுப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,400 கலோரின்னு வச்சுக்குங்க, கணக்குப் போட்டா 35 கிராம், பாதின்னா 17. அந்த ஒரு பாட்டிலே அந்தப் பாதிக் கணக்கைத் தாண்டிருச்சு, இன்னும் காலையில குடிச்ச டீ கணக்கு, க்ரீம் பிஸ்கட் கணக்கெல்லாம் பாக்கி இருக்கு.

இப்ப பின்னாடி ஒரு அண்ணன் சிரிக்கிறாரு, எனக்குத் தெரியும் என்ன நினைக்கிறாருன்னு. சீனிதானே சார் கெட்டது, நாம வெல்லம் கொடுப்போம்னு. நம்ம பக்கத்துல இது பெரிய நம்பிக்கை, வீரமாங்குடி அச்சு வெல்லத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வெல்லத்தைக் குறை சொன்னா என்னை ஊருக்குள்ள விட மாட்டாங்க. ஆனா வாத்தியார் வேலை உண்மையைச் சொல்றது. வெல்லமும் பெரும்பாகம் சர்க்கரைதான் அண்ணே. கொஞ்சம் இரும்புச்சத்து அது இதுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுக்காக வெல்லத்தைத் தின்னா இரும்பு சேர்றதுக்கு முன்னாடி பல்லு போயிடும். வாயில இருக்கற கிருமிக்கு இது அச்சு வெல்லமா அஸ்கா சீனியான்னு தெரியாது, எது வந்தாலும் தின்னுட்டு அமிலத்தை விடும், அது பல்லை அரிக்கும். ருசி வேற விஷயம், ருசியில வெல்லத்தை அடிச்சுக்க ஆள் இல்ல, அதுல எனக்குச் சண்டையே கிடையாது.

இதுல இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. எவ்ளோ தின்னோம்ங்கறதை விட எத்தனை தடவை தின்னோம்ங்கறதுதான் பல்லுக்கு பெரிய எமன். ஒருக்கா இனிப்பு வாயில போனா அரை மணி நேரத்துக்கு அந்த அமில வேலை நடக்கும். மதியம் சாப்பாட்டோட ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் தின்னா ஒரு தடவை. ஒரு ஜவ்வு மிட்டாயை காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் சவைச்சு, கன்னத்துல ஒதுக்கி, திரும்ப சவைச்சா நாள் பூரா. இதை ஸ்வீடன் நாட்டுல 1940கள்ல ஒரு ஆஸ்பத்திரியில சோதிச்சே பாத்தாங்க, லுண்ட்ங்கற ஊருல, மனவளர்ச்சி குறைஞ்சவங்களை வச்சு, பல்லுல ஒட்டுற டாஃபியா குடுத்து குடுத்து. அவங்க சம்மதமெல்லாம் யாரும் கேக்கல, பாவம் அவங்க பல்லு போனதுதான் மிச்சம், கேட்டா மனசு ஆறாது. அதுல தெரிஞ்சதுதான் இது, சாப்பாட்டுக்கு நடுவுல நடுவுல திங்கற ஒட்டுற இனிப்புதான் மோசம்னு. அதுக்கப்புறம் அந்த நாட்டுல புள்ளைங்களுக்கு சனிக்கிழமை மட்டும் மிட்டாய்ங்கற பழக்கம் வந்து, இன்னிக்கும் இருக்கு. ஒரு நாள், அன்னிக்கு வேணுங்கறதை தின்னு, மத்த நாள் இல்ல.

கடைன்னு ஒண்ணு ஸ்கூலுக்குள்ள இருந்தா தினமும் சனிக்கிழமைதான். அதான் என் பயம்.

சட்டமும் இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல போட்ட விதி, 2021 ஜூலைலேருந்து அமல், சர்க்கரை கொழுப்பு உப்பு அதிகமான சாமானை பள்ளிக்கூடத்துக்குள்ளயும் கேட்லேருந்து 50 மீட்டருக்குள்ளயும் புள்ளைங்களுக்கு விக்கக் கூடாது, விளம்பரமும் பண்ணக் கூடாது. 50 மீட்டர்னா நம்ம கேட்லேருந்து அந்த மாரியம்மன் கோயில் அரசமரம் வரைக்கும்னு வச்சுக்கங்களேன். சிபிஎஸ்இ பள்ளிக்கூடங்கள்ல 2025லேருந்து எதுல எவ்ளோ சர்க்கரைன்னு போர்டே மாட்டச் சொல்லியிருக்காங்க, அது நல்ல யோசனை, நாமளும் மாட்டலாம், அட்டையும் ஸ்கெட்ச்சும்தானே.

ஆனா சட்டம்னதும் நீங்க எல்லாரும் கேட்டுக்கு வெளிய சாக்கு விரிச்சு உக்காந்திருக்க ஆயாவைத் திரும்பிப் பாக்குறீங்க, அதுதான் எனக்கு வருத்தம். அந்தக் கூடையில என்ன இருக்கு? கொடுக்காப்புளி, அரிநெல்லி, மாங்காக் கீத்து, வேக வச்ச பனங்கிழங்கு, ஒரு டப்பாவுல தேன் மிட்டாய், கமர்கட்டு. அந்த ஒரு டப்பாவைத் தூக்கி ஓரம் வச்சா மிச்சம் எல்லாம் எந்த டாக்டரும் வேணாங்காத சாமான். மாங்காயில மிளகாப்பொடி மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்க ஆயா. ஆயாவை விரட்டுறது சுலபம், ஏன்னா அவங்க தரையில உக்காந்திருக்காங்க. ஆனா ஒரு வருஷம் ஒரு கம்பெனி ஆளுங்க வேன்ல வந்து, ஓவியப் போட்டின்னு சொல்லி, எல்லா புள்ளைக்கும் சாம்பிள் பாக்கெட் கொடுத்துட்டு, கொடி புடிச்சு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க, நாம கைதட்டுனோம், நானும் தட்டுனேன். அதுக்கு அடுத்த மாசம் பெட்டிக்கடையில எல்லாம் அந்த பாக்கெட் சரம் சரமா தொங்குது.

கலர் விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். பஞ்சு மிட்டாய்ல துணிக்குப் போடற ரோடமைன் பி சாயம் இருந்ததைக் கண்டுபுடிச்சு 2024 பிப்ரவரியில முதல்ல புதுச்சேரியில தடை, அப்ப நம்ம பக்கத்து காரைக்காலுக்கும் அதுதான், ஒரு வாரத்துல தமிழ்நாட்டுலயும் தடை. திங்கும்போது நாக்கு ரோஸ் ஆனா நல்லாயிருக்கு, மறுநாளும் ரோஸா இருந்தா யோசிக்கணும்.

இப்ப கடைசியா, இதைத்தான் பேசணும்னு வந்தேன். பர்த்டே சாக்லேட்.

கலர் டிரஸ் போட்டுக்கிட்டு ஒரு புள்ள டப்பாவோட வரும், கூட ஒரு ஃப்ரெண்டை கூட்டிக்கிட்டு கிளாஸ் கிளாஸா போகும். யாரைக் கூட்டிட்டுப் போகும்ங்கறதுக்கே ஒரு வாரமா அரசியல் நடக்கும், டீச்சருங்க சிரிக்கறாங்க பாருங்க, தெரியும் அவங்களுக்கு. டீச்சருக்கு ரெண்டு, மத்தவங்களுக்கு ஒண்ணு. அதைப் பாக்க அழகாத்தான் இருக்கும், நான் இல்லேங்கல. ஆனா ஒரு பொண்ணு, வருஷா வருஷம் அதோட பிறந்தநாள் அன்னிக்கு லீவு போடும். மூணு வருஷம் கழிச்சு ரிஜிஸ்டர்ல தேதியைப் பாத்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. யூனிஃபார்மோட டப்பா இல்லாம வந்தா எல்லாரும் கேப்பாங்களே. அது ஜுரம்னு லெட்டர் எழுதிக் கொடுத்துச்சு, நானும் சரிம்மா உடம்பைப் பாத்துக்கன்னு சொல்லி கையெழுத்துப் போட்டேன் பாருங்க.

அதனால நான் கேக்குறது இவ்ளோதான். பர்த்டே டப்பா வேணாம். அந்தக் காசு இருக்கறவங்க, இஷ்டம்னா, ஆபீஸ்ல ஒரு பொது டப்பாவுல போடுங்க, பேர் எழுத வேணாம். மாசத்துல ஒரு நாள், சத்துணவு அக்காகிட்ட பேசியாச்சு, மதிய சாப்பாட்டோட எல்லாருக்கும் ஒரு கரண்டி இனிப்பு, அந்த மாசம் பிறந்த புள்ளைங்க எல்லாம் அன்னிக்கு கரண்டி புடிச்சு பரிமாறட்டும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வைக்கறது டீச்சருங்க வேலை.

முதல் இனிப்பு என்னன்னும் யோசிச்சு வச்சுட்டேன். மேட்டூர் தண்ணி வந்துருச்சு, அடுத்த வாரம் ஆடிப்பெருக்கு. அதுக்கு முந்தின நாள் காப்பரிசி போடலாம். பச்சரிசியை ஊற வச்சு, வெல்லம், தேங்காப் பல்லு, கொஞ்சம் எள்ளு, ஏலக்கா, அடுப்பே வேணாம். காவேரிக்குப் படைக்கறது அது, நம்ம புள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அது ருசி தெரியும்னே எனக்குச் சந்தேகம். நூத்தி இருபது புள்ளைங்க, ஆளுக்கு ஒரு கை, ரெண்டு கிலோ வெல்லம் இருந்தா தாராளம். அரிசி எச்.எம். அம்மா ஏத்துக்கிட்டாங்க, தேங்கா என் தோப்புலேருந்து வரும்.

வெல்லம் யாரு? கையைத் தூக்குங்க பாப்போம்... ஆ, அப்ப சிரிச்ச அதே அண்ணன். டீச்சர், எழுதிக்கங்க, அச்சு வெல்லம் ரெண்டு கிலோ. ஒரு வார்த்தை அண்ணே, ரொம்ப வெள்ளையா மினுமினுன்னு இருக்கறது வேணாம், கொஞ்சம் பழுப்பா இருந்தாலும் நம்ம ஆலையில காய்ச்சினதா பாத்துக் கொண்டாங்க.