காதால் பார்க்கிற படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, பிடித்தால் நாலு பேரிடமும் பிடிக்காவிட்டால் எட்டுப் பேரிடமும் சொல்கிற சாதாரண ரசிகன். வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் இன்றைக்குப் படங்களின் சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒரு படம் நம் காதை எவ்வளவு நம்புகிறது என்பதைப் பொறுத்துத்தான் எனக்கு இப்போதெல்லாம் படம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும்.

நம் படங்களில் கண்ணீர் வருவதற்கு முன்னால் வயலின் வந்துவிடும். கதாநாயகன் தரையில் கால் வைக்குமுன் டிரம்ஸ் இடிக்கும். பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு "இப்ப அழு, இப்ப விசிலடி" என்று முதுகைச் சுரண்டுகிற மாதிரி.

அப்படிப் பழகிய காதோடுதான் 2024 ஆகஸ்டில் 'கொட்டுக்காளி' பார்க்கப் போனேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது. பின்னணி இசை அறவே கிடையாது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் எதுவும் போயிருச்சா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம்மை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்!

கதை எளியது. மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டார் முடிவு கட்டி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். காலைக் கட்டிய சேவல் ஒன்றும் கூடவே வருகிறது. அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் முறை மாப்பிள்ளை பாண்டியாக சூரி. பாண்டிக்குத் தொண்டையில் கோளாறு. கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு கரகரத்த குரலில்தான் பேச்சு. அதட்டவேண்டிய ஆளுக்குக் குரல் எழும்பவில்லை. மீனாவாக வரும் அன்னா பென்னோ ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. ஆனால் அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அத்தனை ஆண்களும் பதறுகிறார்கள்.

போகிற வழியில் ஒரு விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் பழைய பாட்டு ஓடுகிறது. மீனா அதைக் கேட்டு லேசாக முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான். பாண்டி வெறி பிடித்தவன்போல் இறங்கி, அவளையும் தடுக்க வந்தவர்களையும் போட்டு அடிக்கிறான். அதுவரை இசை இல்லாமல் உட்கார்ந்திருந்த நமக்கு அந்தப் பாட்டு எவ்வளவு இதமாக இருந்தது என்பது அடி விழுந்த பிறகுதான் உறைக்கிறது. படம் நெடுக வயலின் ஓடியிருந்தால் இந்தக் காட்சி இல்லை. வழியை மறித்து நிற்கும் காளையை இத்தனை ஆம்பளைகளால் நகர்த்த முடியாமல் போக, ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிப்போகிற காட்சியைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அது கொஞ்சம் சொல்லிக்காட்டுகிற மாதிரிப் பட்டது. முணுமுணுப்பில் அந்தச் சுட்டிக்காட்டல் இல்லை.

அதே நாளில் வெளிவந்த இன்னொரு படம் மாரி செல்வராஜின் 'வாழை'. வாழைத்தார் சுமக்கப் போகிற பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் கதை. அதில் சந்தோஷ் நாராயணனின் இசை தாராளமாக உண்டு. இசையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கடைசியில் ஒலிக்கும் ஒப்பாரி அந்த மண்ணின் சாவு வீட்டில் உண்மையாகவே கேட்கிற குரல். யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது இல்லை. பள்ளிக்கூடக் காட்சிகளைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் கூலிக் கணக்கை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படம் அபூர்வம். வாழைத்தார் சுமக்கிறவர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். வியாபாரி கொடுத்துவிடுகிறார். கொடுத்ததை ஈடுகட்ட, ஆட்களையும் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்பச் சொல்கிறார். அந்த ஒரு ரூபாய்தான் லாரியைக் கவிழ்க்கிறது.

ஆவணப்படங்களுக்கு வருகிறேன். ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' 2022-ல் சண்டான்ஸ், கான்ஸ் திரைப்பட விழாக்களில் பரிசு வாங்கிய படம். தில்லியில் நதீம், சவுத் என்று இரண்டு சகோதரர்கள். அடிபட்டு விழும் கரும்பருந்துகளை எடுத்து வைத்தியம் பார்க்கிறார்கள். பிழைப்புக்கு, திரவ சோப்பு ஊற்றும் டப்பா தயாரிக்கிற சின்னத் தொழில். அந்தத் தொழில் நடக்கும் நிலவறையிலேயே பருந்துக்கும் சிகிச்சை. முதன்முதலில் அவர்கள் கொண்டுபோன பருந்தைப் பறவை மருத்துவமனையில் சேர்க்கவில்லையாம். காரணம், அது அசைவம்! சிறு வயதில் உடற்பயிற்சி செய்த ஆர்வத்தில் தசை, தசைநார் பற்றித் தெரிந்துகொண்டது பிறகு இறக்கையைத் தைக்க உதவியிருக்கிறது.

இந்தப் படம் எடுக்கப்பட்ட காலம் குடியுரிமைச் சட்டப் போராட்டக் காலம். 2020 பிப்ரவரியில் தில்லியில் கலவரம். வேறொருவராக இருந்தால் எரிகிற கடைகளைக் காட்டி, செய்தி வாசிப்பாளர் குரலைச் சேர்த்திருப்பார். இங்கே அதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கேட்கிற சத்தமாகவே இருக்கிறது. தெருவில் ஒலிபெருக்கி, தொலைபேசியில் பயந்த குரல். உள்ளே அண்ணனும் தம்பியும் பருந்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அதைக் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம். அவர்கள் முஸ்லிம்கள் என்பதால் அந்தச் சத்தம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று படம் விளக்கிச் சொல்வதில்லை. நமக்கே தெரியாதா என்ன? நடுவில் சிரிக்கவும் இடம் உண்டு: உதவியாள் சாலிக்கின் மூக்குக்கண்ணாடியை ஒரு பருந்து லபக்கென்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நம் முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த ஆவணப்படம். அதைப் பற்றிக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அங்கே குட்டி யானை ரகுவை வளர்க்கிற பொம்மனும் பெள்ளியும் அதோடு பேசுகிற பேச்சு போதும், வேறெதுவுமே வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சு முடிவதற்குள் இனிப்பான இசை வந்து மூடிவிடுகிறது. வளர்த்த ரகுவை வேறு பாகனிடம் ஒப்படைக்கும் இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஏன் பிரித்தார்கள், அவர்களிடம் கேட்டார்களா, முகாமில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று படம் விசாரிக்கவேயில்லை. இசை நம்மைத் தடவிக் கொடுத்து அடுத்த காட்சிக்கு அனுப்பிவிடுகிறது. அவர்களின் பழங்குடியான காட்டுநாயக்கர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கவேண்டிய நாலு கேள்வி அந்த இசையில் அமுங்கிப்போனது.

இந்தப் படங்களில் எதையாவது வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். கைபேசி ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். நல்ல ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். தில்லிப் படத்தைத் தமிழ் எழுத்தோடு பார்க்கக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை; இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலே போதும். 'கொட்டுக்காளி'யில் சத்தம் குறைவு என்று வால்யூமை ஏற்றிவைத்துவிட்டு உட்காராதீர்கள். அந்த ஆட்டோ கிளம்பும்போது தூக்கிவாரிப்போடும்.

நன்றி, வணக்கம்.