பொறுமைக்கல்லிடம் சொன்ன கதை: துருக்கிய மக்கள் வாழ்வில் நாட்டுப்புறக் கதைகள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

துருக்கியில் கதை சொல்ல உட்காரும் பாட்டி, ‘பிர் வார்மிஷ், பிர் யோக்முஷ்’ என்று தொடங்குவாள். ‘இருந்ததாம், இல்லையாம்’ என்பது அதன் பொருள். அதோடு நிறுத்தமாட்டாள். ஒட்டகம் தண்டோரா போட்ட காலத்தில், தெள்ளுப்பூச்சி முடிதிருத்திய காலத்தில், என் அம்மாவின் தொட்டிலை நான் ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில் என்று தலைகீழ் உலகம் ஒன்றை மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவாள். அந்தத் தொடக்கத்தில் ஒலிக்கும் ‘மிஷ்’ என்ற விகுதியைச் சற்று உற்றுக் கவனிக்க வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்ல ஒரு வினைமுற்றும், காதால் கேட்டதைச் சொல்ல வேறொரு வினைமுற்றும் துருக்கி மொழியில் உண்டு. தமிழ் பேசும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ என்னும்போது அந்த ‘ஆம்’ என்ன வேலை செய்கிறதோ, அதையே ‘மிஷ்’ செய்கிறது. சொல்பவள் செய்திக்குப் பொறுப்பாளி அல்லள். கேட்டதைச் சொல்கிறாள், அவ்வளவுதான். இந்தச் சிறு விகுதியின் நிழலில் நின்றுதான், நேரடியாகச் சொன்னால் அடியோ அவமானமோ வந்து சேரக்கூடிய எத்தனையோ செய்திகளைத் துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்தார்கள் என்பதே இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

அனதோலியப் பீடபூமியின் குளிர்காலம் நீண்டது. பனி மூடி வயல் வேலை நின்றபின், ஆண்கள் ஊர்ப் பொது அறையில் கூடி வீரர் கதைகளையும் காதல் கதைகளையும் கேட்டார்கள். வீட்டுக்குள் கம்பளி நூற்றபடி பெண்கள் சொன்னவை ‘மஸல்’ என்னும் மாயக்கதைகள். இஸ்தான்புல்லில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் காபிக்கடைகள் தோன்றிய பிறகு, ‘மெத்தா’ எனப்பட்ட கதைசொல்லிக்கு அங்கே நிலையான மேடை கிடைத்தது. அவரிடம் இருந்தவை ஒரு கைத்தடி, ஒரு கைக்குட்டை. தடியே குதிரை, தடியே துடைப்பம், தடியே துப்பாக்கி. கைக்குட்டையால் வாயை மறைத்துக் குரலை மாற்றினால் கிழவியும் வருவாள், வெளியூர் வணிகனும் வருவான்.

பெண்கள் சொன்ன கதைகளில் ஒன்றையாவது முழுமையாகச் சொல்லாமல் இந்த உரை நகராது. ஏழைப் பெண் ஒருத்தியிடம் ஒரு பறவை வந்து, ‘உன் விதி ஒரு பிணத்தோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது’ என்கிறது. விதிக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போகும் வழியில் அவள் ஒரு மாளிகைக்குள் நுழைய, கதவு தானாக மூடிக்கொள்கிறது. உள்ளே பிணம்போல் ஓர் இளைஞன் கிடக்கிறான். நாற்பது நாள் பக்கத்திலிருந்து விசிறினால் எழுவான் என்று எழுதியிருக்கிறது. அவள் விசிறுகிறாள். கடைசி நாளில், துணைக்கு வைத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணிடம் விசிறியைக் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் அகல்கிறாள். அந்த நேரம் பார்த்து அவன் கண்விழிக்கிறான். விசிறியோடு இருந்தவளையே மனைவியாக்கிக்கொள்கிறான். காத்துக் கிடந்தவள் அடுப்படி வேலைக்காரி ஆகிறாள்.

பிறகு ஒருநாள் அவன் பயணம் புறப்படும்போது, உனக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று வேலைக்காரியிடமும் கேட்கிறான். ஒரு பொறுமைக்கல், ஒரு கத்தி என்கிறாள். கல்லை விற்ற கிழவர், இதைக் கேட்டவளுக்குப் பெருந்துயரம் இருக்கிறது, அவளைத் தனியே விடாதே என்று எச்சரித்து அனுப்புகிறார். அன்றிரவு அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். அவள் கல்லை எதிரே வைத்து, பறவை வந்த நாள் முதல் எல்லாவற்றையும் சொல்கிறாள். சொல்லச் சொல்லக் கல் வீங்குகிறது. ‘கல்லே, நான் பட்டதை நீ பட்டிருந்தால் பொறுப்பாயா?’ என்று கேட்டதும் அது வெடித்துச் சிதறுகிறது. கல்லே பொறுக்கவில்லை, நான் எப்படிப் பொறுப்பேன் என்று அவள் கத்தியை எடுக்கும்போதுதான் அவன் ஓடிவந்து கையைப் பிடிக்கிறான்.

இதைக் கேட்டவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். அனதோலியக் கிராமங்களில் ‘கெலின்’ எனப்படும் புதுமருமகள் மாமனார் முன் வாய்திறக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. மாதங்கள் மட்டுமல்ல, சில வீடுகளில் ஆண்டுக்கணக்கிலும் சைகையாலேயே காலம் தள்ளியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருத்தி நூல் நூற்றபடி இக்கதையைக் கேட்கும்போது, அது தன் கதை என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டாத வசதியைத்தான் அந்த ‘ஆம்’ அவளுக்குக் கொடுத்தது. ஆனாலும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விசிறியை வாங்கிய அந்த அடிமைப் பெண்ணின் துயரத்தைக் கேட்க ஒரு கல்லும் கதையில் இல்லை. முடிவில் அவளுக்குக் கிடைப்பது கொடிய தண்டனை. வீட்டுக்குள் பேச்சுரிமை இழந்தவளுக்காகப் பேசிய கதை, அவளுக்கும் கீழே இருந்தவளைப் பற்றி வாய்மூடிக்கொண்டது.

அதிகாரத்தின் முன் பேசுவதற்கு ஆண்கள் கண்டுபிடித்த வாய், நஸ்ருதீன் ஹோஜா. தமிழர் பலரும் முல்லா என்று அறிந்தவர். மரபு அவரை 13ஆம் நூற்றாண்டினர் என்கிறது. மத்திய ஆசியப் பேரரசன் தைமூர் படையெடுத்து அனதோலியாவை வென்றதோ 1402இல். இருந்தும் மக்கள் இருவரையும் ஒரே பொதுக் குளியல் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ‘நான் அடிமையாக விற்கப்பட்டால் என்ன விலை போவேன்?’ என்று தைமூர் கேட்க, ஹோஜா ஒரு தொகை சொல்கிறார். ‘என் இடுப்புத் துண்டே அந்த விலை பெறுமே!’ என்று தைமூர் சீற, ‘துண்டுக்குத்தான் விலை சொன்னேன்’ என்கிறார். காலக்கணக்கு பொருந்தவில்லை என்பதற்காக இதைத் தள்ளிவிடுவது பெரும் பிழை. வெற்றியாளன் முன் ஒருவனாவது இப்படிப் பேசியிருக்க வேண்டும் என்ற தோற்ற மக்களின் ஏக்கம்தான் நூறு ஆண்டு இடைவெளியைத் தாண்டி இருவரையும் சேர்த்தது.

துருக்கியின் கிழக்கே உள்ள கார்ஸ், எர்சுரும் பகுதிகளில் சாஸ் என்னும் நரம்பிசைக் கருவியோடு பாடும் ஆஷிக்குகளிடம் ஒரு போட்டி உண்டு. இரு உதடுகளுக்கிடையே ஊசியை நிறுத்தி, உதடு ஒட்டும் ஒலிகள் வராமல் உடனுக்குடன் பாட்டுக் கட்ட வேண்டும். தவறினால் ஊசி குத்தும். நம் புலவர்கள் ஏட்டில் இயற்றிய நிரோட்டகத்தை அவர்கள் ஊசி முனையில் நிகழ்த்துகிறார்கள்.

‘எஃப்சானே’ எனப்படும் பழமரபுக் கதையின் இயல்பு வேறு. அது நடந்தது என்று நம்பிச் சொல்லப்படுவது. சாட்சியாக ஒரு பாறையையோ ஏரியையோ காட்டுவது. ‘மணப்பெண் பாறை’ என்ற பெயர் துருக்கியில் பல ஊர்களில் உண்டு. விருப்பமில்லாத திருமணத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட பெண், ‘இறைவா, என்னைக் கல்லாக்கு, இல்லையேல் பறவையாக்கு’ என்று வேண்ட, ஊர்வலமே கல்லாகி நின்றது என்பார்கள். கல்லுக்குத் ‘தாஷ்’, பறவைக்குக் ‘குஷ்’. அந்த வேண்டுதல் துருக்கி மொழியில் ஒரு பாட்டின் வரிபோல ஒலிக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெண்ணின் மறுப்பு, வழிப்போக்கர் கண்ணில் படும்படி மலைச்சரிவில் நிற்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் ஹிழ்ர் நபி என்று அறிந்தவரை அங்கே ஹிஸிர் என்கிறார்கள். அவரும் இல்யாஸ் நபியும் ஆண்டுக்கொரு முறை சந்திக்கும் நாளாக மே 6இல் ஹிதிரெல்லெஸ் கொண்டாடப்படுகிறது. முந்தின இரவில் மக்கள் தங்கள் ஆசையைத் தாளில் எழுதியோ, வீடு வேண்டுமானால் கூழாங்கற்களால் சிறு வீடு கட்டியோ, ரோஜாச் செடியடியில் வைக்கிறார்கள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை அது. தக்க நேரத்தில் உதவியவரை ‘ஹிஸிர் போல வந்தார்’ என்பது அன்றாடப் பேச்சு. அவசர ஆம்புலன்ஸ் சேவையும் ஒரு காலத்தில் ‘ஹிஸிர் அஜில்’ என்றே பெயர் பெற்றிருந்தது.

இக்கதைகளைத் திரட்டிய பெர்தெவ் நைலி போராதாவை நினைக்காமல் முடிக்க இயலாது. அங்காரா பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியலைக் கற்பித்த அவருடைய பணியிடம், இடதுசாரி என்ற குற்றச்சாட்டின் நடுவே 1948இல் ஒழிக்கப்பட்டது. 1952இல் அவர் பிரான்சுக்குப் போனார். ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப்ராம் எபர்ஹார்ட்டுடன் சேர்ந்து துருக்கியக் கதைகளை 378 வகைகளாகப் பிரித்து அவர் உருவாக்கிய நூல் 1953இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பொறுமைக்கல்லின் முன் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் கதையும் அதில் ஒரு வகையாக இடம்பெற்றிருக்கிறது.