வீட்டு சர்வரோட வயர்கார்ட் கனெக்ட் ஆகலையா? ஹேண்ட்ஷேக்கை முதல்ல பாருங்க

வணக்கம் மக்களே. ஓசூர்ல வேலை, பாலக்கோட்டுல வீடு, வீட்டுல ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்தான் சர்வர், அதுல வயர்கார்ட், அதாவது வெளியில இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வர்ற விபிஎன். இப்படி வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. போன்ல ஆன் பண்ணா மேல சாவி ஐகான் வருது, ஆனா எதுவும் திறக்கல. அந்த ஐகானை நம்பாதீங்க. சர்வர் பதிலே சொல்லாட்டியும் அது வரும்.

வைஃபையை அணைச்சிட்டு மொபைல் டேட்டாவுல டெஸ்ட் பண்ணுங்க. வீட்டுக்குள்ள இருந்தே நம்ம பொது ஐபிக்குப் போக நிறைய ரவுட்டர் விடாது. ஆப்புல டனல் (நம்ம விபிஎன் இணைப்பு) பேரைத் தொட்டா ஆர்எக்ஸ் (வந்த டேட்டா), டிஎக்ஸ் (அனுப்பின டேட்டா)னு காட்டும். டிஎக்ஸ் ஏறுது, ஆர்எக்ஸ் பூஜ்யத்துலயே நிக்குதுன்னா ஹேண்ட்ஷேக், அதாவது போனும் சர்வரும் முதல்ல கை குலுக்கிக்கிறது, நடக்கல.

இப்ப சர்வர்ல டிசிபிடம்ப் (வர்ற போற பாக்கெட்டைக் காட்டுற கமாண்ட்) ஓட்டி, வயர்கார்ட் வழக்கமா பயன்படுத்துற யுடிபி 51820 போர்ட்டை மட்டும் பாருங்க. ஏறக்குறைய 5 நொடிக்கு ஒண்ணா 148 பைட் பாக்கெட் வரணும், உடனே 92 பைட் பதில் போகணும். 148 வந்தும் 92 போகலன்னா, சர்வர் ஃபயர்வால்ல அந்த போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க. திறந்திருந்தா அடுத்த சந்தேகம் கீ மேலதான், அதாவது ஒண்ணை ஒண்ணு அடையாளம் காணுற குறியீடு. போனோட பப்ளிக் கீ சர்வர்லயும், சர்வரோடது போன்லயும் இருக்கணும். கீ தப்புன்னா வயர்கார்ட் எர்ரர் கூட அனுப்பாது, வாயே திறக்காது.

148 வரவே இல்லையா? ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் (வெளியில இருந்து வர்றதை சர்வருக்குத் திருப்புற செட்டிங்) யுடிபிக்குப் போட்டிருக்கான்னு பாருங்க, டிசிபின்னு போட்டா வேலைக்கு ஆகாது. அது சரியா இருந்தா ரவுட்டர்ல வான் ஐபியை, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரியைப் பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா அது சிஜிநாட். ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்காங்க. முதல் புள்ளிக்கு முன்னாடி 10 மட்டும் இருந்தாலும் அதே கதைதான். போர்ட் ஃபார்வர்ட் எத்தனை தடவை போட்டாலும் வெளியில இருந்து உள்ள வராது. காசு கட்டி ஸ்டாடிக் ஐபி வாங்கறதுக்கு முன்னாடி ஐபிவி6 (பங்கு போடத் தேவையில்லாத புது வகை ஐபி) இருக்கான்னு பாருங்க. வீட்டு லைன்லயும் சிம்லயும் இருந்தா, ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால்ல 51820ஐத் திறந்து, போன் ஆப்புல சர்வரோட ஐபிவி6 முகவரியைப் போட்டாப் போதும், செலவே இல்ல. அதுவும் இல்லன்னா பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒண்ணு எடுத்து நடுவுல வைங்க. வீட்டு சர்வர்தான் அதுக்குப் போய்ச் சேரணும், அந்த வழி மூடாம இருக்க வீட்டு சர்வர்ல பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 நொடி போடுங்க.

ஹேண்ட்ஷேக் வந்து, சர்வர் மட்டும் திறக்குது, இன்டர்நெட் போகலன்னா சர்வர்ல ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை அடுத்த பக்கம் கடத்தி விடுறது) 1 ஆ இருக்கா, மாஸ்கரேட் ரூல் (போன் பாக்கெட்டை சர்வர் பேர்ல அனுப்புறது) இருக்கான்னு பாருங்க. மெசேஜ் போகுது, பெரிய பக்கம் பாதியில நிக்குதுன்னா எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவை, 1280 ஆக்குங்க. ஆபீஸ் வைஃபையில மட்டும் வீட்டு கேமரா திறக்கலன்னா, ரெண்டு பக்கத்து ஐபியும் 192.168.1 தானான்னு பாருங்க. வீட்டுப் பக்கத்தை 192.168.47 மாதிரி மாத்திடுங்க.

கரண்ட் போய் வந்தா ரவுட்டருக்குப் புது ஐபி வரலாம். ஒரு பேரை நம்ம ஐபியோட இணைச்சு வைக்கிற டைனமிக் டிஎன்எஸ் அதைப் புதுப்பிச்சிடும், ஆனா ஆப் அந்தப் பேரோட ஐபியை டனல் ஆன் ஆகும்போதுதான் தேடும். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.