உட்டோயா: 77 தூண்களும் ஒரு நீண்ட வழக்கும்

(திரையில்: ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் வெண்கலத் தூண்கள்)

வணக்கம். இது நார்வே நாட்டின் டீரிஃபியோர்டு ஏரி. கரையில் நிற்கும் தூண்கள் 77. ஓர் உயிருக்கு ஒரு தூண். உயிர்கள் போனது 2011 இல். தூண்கள் திறக்கப்பட்டதோ 2022 இல். நடுவே 11 ஆண்டுகள் எப்படிக் கழிந்தன? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

(திரையில்: ஒஸ்லோ அரசு வளாகம், பிறகு தீவின் வரைபடம்)

2011 ஜூலை 22, பிற்பகல். தலைநகர் ஒஸ்லோவின் அரசு அலுவலக வளாகத்தில் ஒரு வேனில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். குண்டு வைத்தவன் போலீஸ் உடையில் இந்த ஏரியில் இருக்கும் உட்டோயா தீவுக்குப் போனான். அங்கே தொழிலாளர் கட்சியின் இளைஞர் அணி கோடை முகாம் நடத்திக்கொண்டிருந்தது. 69 பேரைக் கொன்றான். பலர் பதின்வயதினர். குடியேறிகள்மேலும் இஸ்லாமியர்மேலும் வெறுப்பு முற்றியவன். அவர்களுக்கு இடம் கொடுத்த கட்சியின் அடுத்த தலைமுறையை வேரறுக்க வந்தவன்.

அன்று ஏரியில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம். 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயரானார்; 2021 இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

நீந்தியவர்களைத் தூக்கிவிட்டது யார்? எதிர்க்கரையில் குடியிருந்தவர்களும் விடுமுறைக்கு வந்திருந்தவர்களும்தான். சுடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொந்தப் படகுகளில் போனார்கள். இவர்களை மறந்துவிடாதீர்கள், கதை இவர்களிடம்தான் திரும்பி வரும்.

(திரையில்: ரோஜா ஏந்திய கூட்டம்)

மூன்றாம் நாள் ஒஸ்லோவில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் ரோஜாக்களுடன் திரண்டார்கள். வெறுப்புக்குப் பதில் இன்னும் கூடுதலான ஜனநாயகம் என்றார் பிரதமர் ஸ்டோல்டன்பர்க். அந்த வாரத்தில் நாடே ஒரு குடும்பமாக இருந்தது. துக்க வீட்டில் பங்காளிச் சண்டை முதல் நாளே வெடிப்பதில்லையே.

நினைவுச்சின்னம் எங்கே வைப்பது என்ற பேச்சில் அது வெடித்தது. ஸ்வீடன் கலைஞர் யோனாஸ் டால்பெரி ஒரு திட்டம் தந்தார்: எதிர்க்கரையின் நிலமுனையை மூன்றரை மீட்டர் அகலத்துக்கு வெட்டிப் பிளப்பது. பெயர்கள் பிளவின் அந்தப் பக்கப் பாறையில் இருக்கும். இந்தப் பக்கம் நின்று படிக்கலாம், தொட முடியாது. உலகமே பாராட்டியது. அக்கம்பக்கத்தார் ஒப்பவில்லை. அன்று படகு செலுத்தியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தினமும் ஜன்னலைத் திறந்தால் அந்த நாளையே பார்க்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. கல்நெஞ்சம் என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் நியாயம் தெரிகிறது. அரசு 2017 இல் திட்டத்தைக் கைவிட்டு, தீவுக்குப் படகு ஏறும் துறைக்கு இடத்தை மாற்றியது. அதற்கும் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். அதில் அவர்கள் தோற்ற பிறகே இந்தத் தூண்கள் எழுந்தன.

(திரையில்: தீவில் மரக்கழிகள் சூழ்ந்த கட்டடம்)

தீவுக்குள் இன்னொரு வழி கண்டார்கள். 13 பேர் கொல்லப்பட்ட சிற்றுண்டிக் கூடத்தை இடிப்பதா, காப்பதா? சிலருக்கு அதைக் காணவே பொறுக்கவில்லை; சில பெற்றோருக்கோ பிள்ளை கடைசியாக இருந்த இடம். கடைசியில் பழைய கூடத்தின் ஒரு பகுதியைக் குண்டு துளைத்த சுவர்களோடு அப்படியே விட்டு, அதைச் சுற்றிப் புதிய வீடு கட்டினார்கள். கூரையைத் தாங்குவது 69 மரத்தூண்கள். வெளியே வேலிபோல் நிற்கும் கழிகள் 495. தீவிலிருந்து உயிரோடு மீண்டவர்களின் எண்ணிக்கை அது.

இதைவிடக் கடினமான சச்சரவு ஒன்று உண்டு. கொலைக்குப் பின்னால் இருந்த அரசியலைப் பேசியபோதெல்லாம், துயரத்தைக் காட்டி ஆதாயம் தேடுகிறார்கள் என்று தப்பியவர்கள்மீதே பழி வந்தது. ஒற்றுமை என்ற சொல்லைக் காட்டி அவர்கள் வாயை அடைத்தது பெரிய தவறு. 2019 இல் ஒஸ்லோவுக்கு அருகே ஒரு மசூதிக்குள் அதே வெறுப்போடு மற்றொருவன் துப்பாக்கியுடன் நுழைந்தான்; உள்ளே இருந்த முதியவர்கள் அவனை மடக்கினார்கள்.

495 கழிகள் சூழ்ந்த அந்த வீட்டுக்கு இப்போது நார்வேயின் பல பகுதிகளிலிருந்தும் பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். 2011 இல் அங்கே என்ன நடந்தது என்பதோடு, எந்தப் பேச்சுகள் அதற்கு வழிவிட்டன என்பதையும் படிக்கிறார்கள்.